நம் தட்டுக்கும் ஒரு கணக்கு



வியாபாரம் செய்து பிழைக்கும் நமக்கு அளவையும் நிறுவையும் புதிதல்ல. அரிசி ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ இருக்க வேண்டும். துணி மூன்று மீட்டர் என்றால் மூன்று மீட்டர் இருக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் வாடிக்கைக்காரருக்கு மட்டுமல்ல, அல்லாஹ்வுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று சிறு பிராயத்திலேயே மதரஸாவில் நமக்கு ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். இரவு கடையடைக்கும் முன் கல்லாவை எண்ணுகிறோம். வருஷக் கடைசியில் சரக்கிருப்பு எடுத்து ஐந்தொகை போடுகிறோம்.

ஆனால் ஒரு நாளில் நம் வாய்க்குள் போகிற சரக்கு எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. உடம்பு மட்டும் அதை ஒன்று விடாமல் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் மொத்தமாகக் கேட்கிறது.

இந்த உடம்பு நாம் விலை கொடுத்து வாங்கியதன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பகலெல்லாம் நோன்பு வைத்து இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய செய்தி புகாரி ஷரீபில் இருக்கிறது. வணக்கத்திலேயே அளவு சொல்லிக் கொடுத்த மார்க்கம், சாப்பாட்டை அளவில்லாமல் விட்டுவிடுமா? இந்தப் பாடத்தில் அதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

மூட்டை சுமந்தவரின் சோறு

பினாங்கில் பிறந்த நாசி கண்டார் இன்று நாடு முழுவதும் பெயர் பெற்றுவிட்டது. அதன் பெயரிலேயே அதன் சரித்திரம் இருக்கிறது. ‘கண்டார்’ என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் காவுதடி. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நம் முன்னோர் தடியின் ஒரு பக்கம் சோற்றையும் மறு பக்கம் ஆணத்தையும் தொங்கவிட்டுத் துறைமுகப் பக்கம் நடந்து நடந்து விற்றார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்கள் யார்? கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய கூலித் தொழிலாளர்கள். காலையில் சாப்பிட்ட சோறு உச்சி வெயிலுக்குள் வியர்வையாய் வடிந்துவிடும். விற்றவரும் பாரத்தைச் சுமந்து பல கல் தூரம் நடந்தவர்தாம். அந்த உழைப்புக்கு அந்தச் சோறு பொருத்தம்.

இன்று நிலைமை என்ன? சோறு அதே சோறு. குழம்பு வெள்ளமாக ஊற்றும் ‘குவா பஞ்சிர்’ வழக்கமும் அப்படியே இருக்கிறது. கோழி, இறைச்சி, மீன், முட்டை என்று மேலே வைப்பது முன்னைவிட அதிகமாகியிருக்கிறது. சாப்பிடுகிற நாமோ கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். மூட்டையை லாரியிலிருந்து இறக்குவதற்குப் பையன்கள் இருக்கிறார்கள். மாடிக்கு மின்தூக்கி இருக்கிறது. சுமந்தவரின் சோற்றை உட்கார்ந்தவர் சாப்பிடுகிறார் என்பதே இன்றைய வியாதிகள் பலவற்றுக்கு மூலகாரணம். சோற்றின் மேல் குற்றமில்லை. வரவு பழைய அளவில் இருக்க, செலவு மட்டும் குறைந்துபோயிருக்கிறது. செலவாகாத சரக்கு கிட்டங்கியில் தேங்குவதுபோல் அது வயிற்றில் தேங்குகிறது.

தேநீர்க் கிளாஸில் ஒரு கணக்கு

கடைக்காரர் உடம்பு கெடுவது பெரும்பாலும் விருந்துகளால் அன்று. விருந்து மாதத்தில் இரண்டு நாள் வரும். தினசரி பழக்கம் முப்பது நாளும் வரும். ஆகவே தினசரி கணக்கையே பார்ப்போம்.

ஒரு கிளாஸ் தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு டின்பால் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கரண்டிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. ஆக கிளாஸுக்கு 20 கிராம். சுபுஹுக்குப் பிறகு ஒன்று, கடை திறந்ததும் ஒன்று, சரக்குக்காரர் வந்தால் ஒன்று, அஸருக்கு ஒன்று, கடையடைத்த பிறகு ஒன்று. ஐந்து கிளாஸில் 100 கிராம் ஆயிற்று. முப்பது நாளில் மூன்று கிலோ. வருஷத்தில் 36 கிலோவுக்கு மேல்! கடையில் இத்தனை சீனியை ஒருவர் தலையில் தூக்கி வைத்தால் தடுமாறுவோம். அதைத் தேநீரில் கரைத்து வயிற்றுக்கு அனுப்பும்போது பாரம் தெரிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில், சேர்க்கப்படும் சர்க்கரை ஒருவர் உண்ணும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. சாதாரண மனிதருக்கு அது நாளொன்றுக்கு முறையே 50 கிராம், 25 கிராம் அளவுக்கு வருகிறது. மேலே போட்ட தேநீர்க் கணக்கு மேல்வரம்பைப் போல் இரண்டு பங்கு. பலகாரமும் ரோஜா சிரப்பும் இன்னும் கணக்கில் சேரவில்லை.

சர்க்கார்களும் இந்தக் கணக்கை எடுத்திருக்கின்றன. மலேசியாவில் 2019 ஜூலை 1 முதல் டின்னிலும் போத்தலிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால், லிட்டருக்கு 40 சென் வரி விதித்தார்கள். 2025-ல் அது 90 சென்னாக உயர்ந்தது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று வகுப்புப் பிரித்தார்கள். 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் அது வந்துவிட்டது. நாம் மேலே சொன்ன தே தாரிக் 250 மில்லிலிட்டர் கிளாஸ் என்றால், சர்க்கரையை மட்டும் பார்த்தாலே அது சி வகுப்பில் போய் நிற்கும். பிள்ளை பரீட்சையில் சி வாங்கினால் கோபித்துக்கொள்கிற நாம், நம் கிளாஸைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாமல்லவா?

சத்தமில்லாமல் வரும் கடன்காரன்

இனிப்பு நீர் வியாதியின் பெரிய ஆபத்து அது வலிக்காமல் வருவதுதான். இரத்தத்தில் தங்கும் சர்க்கரை, கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களையும் பாதத்தின் நரம்புகளையும் வருஷக்கணக்கில் மெதுவாக அரிக்கிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு என்று தெரிய ஆரம்பிப்பதற்குள் பல வருஷம் ஓடியிருக்கலாம்.

மலேசியாவில் 2023-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, இந்த வியாதி இருந்தது. 2019-ல் நடந்த ஆய்வில் மலாய்க்காரர், சீனர், இந்திய வம்சத்தார் என்ற மூன்று பேரினங்களில் இந்திய வம்சத்தாரிடமே விகிதம் அதிகமாக இருந்தது. சிங்கப்பூரில் 2016-ல் இந்த வியாதிமீது யுத்தப் பிரகடனமே செய்தார்கள். ஒல்லியாக இருக்கிறோம், நமக்கு வராது என்று யாரும் எண்ண வேண்டாம். நம் வம்சத்தாருக்குக் குறைந்த எடையிலும் இது வருகிறது.

நமக்குத் தெரிந்த துணிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல கை ராசிக்காரர். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தும் நிற்கிற வேலையினால்தான் என்று விட்டுவிட்டார். ஒரு நாள் பெட்டியிலிருந்து கழன்ற ஆணி செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. வலி தெரிந்தால்தானே பார்ப்பார்! இரண்டு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகே காலைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மூன்று மாதம் கடை மூடிக் கிடந்தது. சில்லறைக் கடன்கள் வசூலாகவில்லை. பெருநாளுக்கு வாங்கிய சரக்கு பெருநாள் கழித்துத்தான் விலை போயிற்று. ஊரில் மகள் நிக்காஹ் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. ஆணி சிறியதுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்தை அது தின்றுவிட்டது.

சகோதரர்களே! நம் கடைகளில் பல, ஒருவர் நிற்பதால் நிற்பவை. அவர் படுத்தால் கடையும் படுத்துவிடும். ஆகவே கடைக்காரரின் சுகம் லாபத்தில் சேர்ந்ததன்று, அது முதல். லாபம் இன்று போனால் நாளை வரும். முதல் போனால் எதை வைத்து வியாபாரம் செய்வது?

வயிற்றில் மூன்றில் ஒன்று, தட்டில் நாலில் ஒன்று

மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது இல்லை என்றும், முதுகை நிமிர்த்தச் சில கவளமே போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்ததை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். திர்மிதியில் வரும் இந்த ஹதீஸ் நம் ஜும்ஆ மேடைகளில் பல முறை கேட்டதுதான். ஜும்ஆ முடிந்து சாப்பாட்டுக் கடைக்குள் நுழையும்போதும் அது காதில் ஒலிக்க வேண்டும்.

வயிற்றின் மூன்றில் ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாது. தட்டைப் பார்க்கலாம். மலேசிய சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று ஒரு சுலபமான கணக்குச் சொல்லிக் கொடுக்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, பாதித் தட்டுக் காய்கறியும் பழமும். சிங்கப்பூரில் சொல்வதும் ஏறக்குறைய இதே பங்கீடுதான். நம் வழக்கமோ முக்கால் தட்டுச் சோறு, ஓரத்தில் இரண்டு துண்டு வெண்டைக்காய். இதைத் திருப்பிப் போட்டால் போதும். புதிதாக எந்த மருந்தும் வாங்க வேண்டியதில்லை. கங்கோங் கீரையும் முட்டைக்கோசும் பயற்றங்காயும் எந்த மார்க்கெட்டிலும் கிடைக்கும். இறைச்சியைவிட விலையும் குறைவு.

உப்பையும் மறக்கக் கூடாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடு, ஊறுகாய், சோயா சாஸ் எல்லாம் இந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும். ஆணத்தைக் குளமாக ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுச் சாப்பிட்டால் உப்பும் எண்ணெயும் சேர்ந்தே குறையும்.

உறுதி ஏன் உடைகிறது?

இதெல்லாம் தெரிந்ததுதானே, செய்ய முடியவில்லையே என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பேச்சுத்தான். தெரியாமல் கெடுகிறவர்களைவிடத் தெரிந்தும் தொடங்காதவர்களே அதிகம். ஏன் அப்படி?

மயான வைராக்கியம் என்று நம் தமிழில் ஒரு சொல் உண்டு. கூட்டாளி ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வரும்போது, நாளை முதல் சோறே வேண்டாம், சீனியே வேண்டாம் என்று மனம் சொல்லும். நான்காம் நாள் எல்லாம் பழையபடி. பயத்தில் பிறக்கும் பெரிய உறுதிக்கு ஆயுள் குறைவு. அமல்களில் அல்லாஹ்வுக்குப் பிரியமானது, சிறியதாக இருந்தாலும் விடாமல் செய்யப்படுவதே என்ற நபிமொழியை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. அதைக் கடைக்காரர் பாஷையில் நான்காகச் சொல்வோம்.

முதலாவது, ஒரு சமயத்தில் ஒரு சரக்கை மட்டும் மாற்றுவது. இந்த மாதம் தேநீர் மட்டும். ஐந்து கிளாஸை இரண்டாக்கி, மீதியைத் தே ஓ கொசோங்காகவோ வெறும் தண்ணீராகவோ மாற்றலாம். சில நாள் நாக்கு முரண்டு பிடிக்கும்; பிறகு பழகிவிடும். அது நிலைத்த பின் சோற்றின் அளவைத் தொடலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு புதியதை முடிச்சுப் போடுவது. கடையடைத்துப் பத்து மணிக்கு மேல் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது நம் பெரிய கேடு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் முறை வைத்துக் கல்லாவை மாற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டால், இஷாவுக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தே போய் நடந்தே திரும்பலாம். சாப்பிட்ட பிறகு பத்து பதினைந்து நிமிஷம் நடப்பது இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கிறது. தொழுகையும் நிறைவேறும், நடையும் சேரும்.

மூன்றாவது, கூட்டு. பக்கத்துக் கடைக்காரருடன் பேசி வைத்துக்கொள்வது. அவர் வந்தால் நாமும், நாம் போனால் அவரும், “சீனி போடலாமா?” என்று கேட்டுவிட்டுத் தேநீர் சொல்ல வேண்டும். விருந்தாளியை உபசரிப்பது சுன்னத்து. சீனி போட்டுத்தான் உபசரிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

நான்காவது, ஒரு நாள் நஷ்டத்துக்காகக் கடையை மூடாதிருப்பது. கந்தூரியிலோ நிக்காஹ் வீட்டிலோ நெய்ச்சோறும் தாளிச்சாவும் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டால், எல்லாம் கெட்டுவிட்டது என்று கணக்குப் புத்தகத்தையே கிழித்துப் போடுவது வியாபாரிக்கு அழகல்ல. மறுநாள் காலை வழக்கம்போல் கடை திறக்க வேண்டும்.

நோன்பு சொல்லும் சாட்சி

தேநீரை விட நம்மால் முடியாது என்று சொல்கிறவருக்கு ரமலான் மாதமே பதில். இந்த நாட்டில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இல்லாமல், அதே வெயிலில், அதே கடையில், அதே வாடிக்கைக்காரரிடம் சிரித்த முகத்துடன் நாம் வியாபாரம் செய்கிறோம். அந்த உறுதி ஷவ்வால் பிறையோடு எங்கே போய்விடும்? நம்மிடம் மனவலிமை இல்லை என்பது சரியல்ல. நிய்யத்து வைக்கவில்லை என்பதே சரி.

நோன்பு திறக்கும் முறையிலும் ஒரு பாடம் உண்டு. பேரீச்சம் பழமும் தண்ணீரும், பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியும் காலியான வயிற்றுக்கு இதமானவை. அதற்கு மேல் முர்தபாவும் பொரித்ததும் சிரப்பும் அடுக்கினால், பகலில் சேர்த்ததை இரவில் இழந்தவர்களாவோம். இனிப்பு நீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே டாக்டரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்குவதும் உயிருக்கு ஆபத்து. நோயாளிக்கு வேறு நாட்களில் நோன்பை நிறைவேற்ற அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான்.

நம் கையை எதிர்பார்த்து உண்பவர்கள்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல கடைகளில் ஊரிலிருந்து வந்த பையன்கள் முதலாளி போடும் சாப்பாட்டையே உண்கிறார்கள். என்ன சமைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. நாம் முடிவு செய்கிறோம். தினமும் சோறும் ஒரு குழம்பும் மட்டும் வைத்து, மிஞ்சியதைச் சூடுபண்ணிப் போட்டால், இருபத்தைந்து வயதுப் பிள்ளை நாற்பதில் வியாதிக்காரராக ஊர் திரும்புவார். அவருடைய தாயாருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? கடைச் சமையலில் ஒரு கீரையும் ஒரு பழமும் சேர்ப்பது பெரிய செலவன்று. வீட்டிலும் அப்படியே. பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் தட்டையே பார்த்துக் கற்கிறார்கள்.

இம்மாதப் பாடம்

படித்துவிட்டு மடித்து வைத்தால் பயனில்லை. ஆகவே இந்த மாதத்துக்கு ஐந்து வேலைகள்:

1. அளவு நாடாவை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுவது. நம் வம்சத்து ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்களுக்கு 80-க்கு மேலும் போனால் எச்சரிக்கை.

2. வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்வது. 7.0 அல்லது அதற்கு மேல் வந்தால் இனிப்பு நீர் என்று சந்தேகித்து டாக்டர் மறுபடியும் பார்ப்பார். அத்துடன் இரத்த அழுத்தத்தையும் பார்த்து வர வேண்டும். 140-க்கு 90 என்பது எல்லைக் கோடு. நாற்பது வயதானவர்கள் வருஷம் ஒரு முறையாவது போவது நல்லது.

3. ஏழு நாள் மட்டும், குடித்த இனிப்புத் தேநீரின் எண்ணிக்கையைக் கல்லா நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வருவது.

4. மதியத் தட்டில் சோற்றுக்கு முன் காய்கறியைப் பரிமாறிக்கொள்வது.

5. இரவில் படுக்கும் முன் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்ப்பது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது மிக அவசியம்.

ஏழாம் நாள் அந்தக் கோடுகளை எண்ணிக் கிளாஸுக்கு 20 கிராம் வீதம் பெருக்கிப் பாருங்கள். கூட்டவும் பெருக்கவும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வருகிற தொகையைப் பார்த்த பிறகு எதைக் குறைப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வல்ல அல்லாஹ் நமக்கு ஹலாலான ரிஸ்கையும், அதை அளவோடு உண்ணும் அறிவையும், அவனை வணங்கவும் குடும்பத்தைக் காக்கவும் திடமான சரீரத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.